நுகத்தின் வலப்பக்கம்

ஐந்தாம் அத்தியாயம்

பூதப்பாண்டி மிருக ஆஸ்பத்திரிக்கு டாக்டர் முகம்மது மீரான் வந்து மூன்று வருஷமாகிறது. இந்த மூன்று வருஷத்தில், களவுபோன எருமை ஒன்றை அதன் கொம்பில் தடவியிருந்த எண்ணெய் வாசனையை வைத்தே கண்டுபிடித்துக் கொடுத்தார். பசுவுக்கு விஷம் வைத்தவனை, பசு தின்னாமல் ஒதுக்கிய புல்லைப் பார்த்துச் சொன்னார். 'மாட்டு டாக்டருக்கு இருக்கிற புத்தி போலீசுக்கு இல்லை' என்று ஊர் மெச்சியது. மெச்சிய ஊரில் ஒருத்தருக்காவது அவருடைய பேர் தெரியுமா என்றால், தெரியாது. மாடு படுத்தால் கூப்பிடுவார்கள், எழுந்தால் மறந்துவிடுவார்கள். அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் சாயங்காலங்களில் அந்த நியாயம் அவருக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

கொல்லம் 1129, புரட்டாசி மாதம். இங்கிலீஷ் கணக்கில் 1953. புதன்கிழமை காலை. ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருந்த குவார்ட்டர்ஸில் டாக்டர் தன் வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். வெள்ளை நூல் தீர்ந்துவிட்டது. மாட்டுக் காயம் தைக்கிற கறுப்பு நூல்தான் கைவசம் இருந்தது. முடிச்சும் அதே முடிச்சு.

"காயம் ஆழமோ சாரே?" என்று வாசலில் குரல் கேட்டது. "பத்து நாள் கழிஞ்சு தையல் பிரிக்கணும்லா."

கம்பவுண்டர் சிலுவைதாசன். குளச்சல்காரர், ஐம்பது வயது. வீட்டில் குளோரி என்று ஒரு மனைவியும் ஐந்து பிள்ளைகளும். சாயங்கால பஸ்ஸுக்கு மணி அடிக்குமுன் ஸ்டாப்பில் நிற்பார். அவருடைய வாய்க்குப் பூட்டுப் போட இன்னும் ஒருவரும் பிறக்கவில்லை.

"ஒன்னை வெள்ளை நூல் ஒரு கண்டு வாங்கீட்டு வரச் சொன்னேனே சிலுவை?"

"மறந்து போச்சு சாரே. வீட்டுக்குப் போனா குளோரி பேசுதா. அவ பேசினா நமக்கு எல்லாம் மறந்து போவுது."

டாக்டர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். தேங்காய்ப்பட்டணத்தில் அவருடைய மனைவி ரசூல் பீவி ஜன்னி கண்டு இறந்து ஆறு வருஷம். பேசி மறக்கடிக்க ஆளில்லாததால் அவருக்கு எதுவும் மறப்பதே இல்லை.

சிலுவைதாசன் மடித்த காகிதம் ஒன்றை நீட்டினார். ஆலங்கரையிலிருந்து ஆறுமுகப்பெருமாள் என்பவர் எழுதியிருந்தார். அவருடைய இறந்துபோன அண்ணனின் மனைவி அழகியநாயகி. அந்த அம்மாளின் உழவுக்காளைக்குச் சப்பை நோய். இன்று சாயங்காலம் நாலு மணிக்கு ஊர்க்கூட்டமான யோகம் கூடுகிறது. அதற்குள் டாக்டர் வந்து சர்ட்டிபிகேட் எழுதினால், காளையை எல்லைக்கு வெளியே கொண்டுபோய்க் கொன்று சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிடலாம்.

சப்பை நோய் என்று கேட்டால் ஏர் வைத்திருக்கிற எவனும் முதலில் தன் மாட்டுத் தொழுவுக்கு ஓடுவான். காலையில் நன்றாகத் தின்ற மாட்டுக்குச் சப்பை வீங்கும். சப்பை என்பது முன்காலானால் தோள், பின்காலானால் தொடை. மறுநாள் மாடு இருக்காது. அதன் பிறகு பக்கத்துத் தொழு, அதற்குப் பக்கத்துத் தொழு என்று போகும்.

டாக்டர் காகிதத்தை இரண்டாம் தடவை வாசித்தார். "பதினஞ்சு நாளா நொண்டுகுண்ணு எழுதியிருக்காரு, பாத்தியா?"

"பாத்தேன்."

"சப்பை நோய் கண்ட மாடு பதினஞ்சு நாள் நிக்குமா?"

"நின்னா அது மாடு இல்ல சாரே, புண்ணியவாளன். கோவில் கெட்டிக் கும்பிடணும்."

"சைக்கிளை எடு" என்றார் டாக்டர்.

ஆலங்கரைக்கு மூன்று மைல். டாக்டர் மிதிக்க, சிலுவைதாசன் மருந்துப்பெட்டியோடு காரியரில் உட்கார்ந்து வந்தார். வயலெல்லாம் மாசியில் அறுக்கும் கும்பப்பூ நெல் நடவுக்குத் தயாராகிக் கிடந்தது. வழி நெடுக ஆட்கள், மாடுகள், சத்தம். அழகியநாயகியின் வீட்டுத் தெருமுனை வந்ததும் எல்லாம் நின்றுபோனது. அவளுடைய வாசலுக்குக் குறுக்கே யாரோ கருவேல முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். மாடு வெளியே வராதிருக்கப் போட்டது. மனுஷரும் உள்ளே போகவில்லை என்பது முற்றத்து மண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. அதில் ஒரே ஒருத்தியின் காலடிதான் இருந்தது.

அவளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைச் சேலை. டாக்டர் முள்ளைத் தாண்டி வருவதைப் பார்த்து எழுந்து நின்றாள்.

"கொல்லவா வந்திருக்கீங்க?"

"பாக்க வந்திருக்கேன்" என்றார் டாக்டர். "நடத்திக் காட்டுங்க."

அவள் காளையை அவிழ்த்தாள். மயிலை நிறம், ஆறு பல், நல்ல வாகு. முற்றத்தில் நாலு எட்டு வைத்ததும் டாக்டர் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். வலது முன்காலை அது மடக்கித் தூக்கவில்லை. வெளிப்பக்கமாக அரைவட்டம் போட்டு, தரையை உரசி, அரை அடிதான் முன்னே வைத்தது. வலது கால் ஊன்றும்போது தலை மேலே போனது. இடது கால் ஊன்றும்போது தலை கீழே வந்தது.

"எல்லாத்துக்கும் தலையாட்டுகான் சாரே. பாத்தா கல்யாணம் கழிஞ்ச ஆளு மாதிரி இருக்கு."

"நோவுற கால் தரையில படும்போ தலையைத் தூக்கிப் பாரத்தைக் குறைக்கும். தெர்மாமீட்டர் வை."

"நூத்தியொண்ணரை." மாட்டுக்கு அது சாதாரணச் சூடு. காய்ச்சல் இல்லை.

டாக்டர் காளையின் தோளை அமுக்கிப் பார்த்தார். சப்பை நோயானால் தோலுக்கடியில் அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்கும். இங்கே சத்தமும் இல்லை, வீக்கமும் இல்லை. அடுத்தது குளம்பு. குறட்டால் சுற்றிலும் நெரித்தார். காளை அசையவில்லை. முள் இல்லை, சீழ் இல்லை. ஆனால் வலது முன்குளம்பின் நுனி மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. முட்டியில் சூடு போட்ட வடு ஒன்று புதிதாக இருந்தது.

"முட்டியில சூடு வச்சது ஆரு?"

"நாட்டு வைத்தியரு. வாதம்ணு சொன்னாவ."

டாக்டர் காலைத் தூக்கி மெதுவாகப் பின்னுக்கு இழுத்தார். காளை முனகியது. தோளுக்குக் கையை மேலே கொண்டுபோனார். இடது தோள் மொழுமொழுவென்று இருந்தது. வலது தோளில் சப்பை எலும்பின் விளிம்பு வரம்பு மாதிரி துருத்தி நின்றது. அதன் இரண்டு பக்கமும் சதை வற்றிப் பள்ளம் விழுந்திருந்தது.

"நோய் இல்லம்மா. தோளுக்கு முன்னால ஒரு நரம்பு ஓடுது. எதுவோ அதுல அழுந்தி அழுந்தி நசுக்கியிருக்கு. சதை இவ்வளவு வத்தணும்னா மூணு வாரம் ஆகியிருக்கணும். மூணு வாரம் முன்னால என்ன நடந்துது?"

"ஒண்ணும் நடக்கல."

"விழுந்துதா? ஆரும் அடிச்சாவளா?"

"இல்ல."

"நுகத்துல பூட்டினீங்களா?"

"சோடி எங்க?" என்றாள் அவள். "வலத்து மாடு செவலை. தை மாசம் பாம்பு தீண்டிச் செத்துப்போச்சு. இவன் இடத்து மாடு. ஒத்தை மாட்டை என்னண்ணு பூட்டுகது?"

சொல்லிவிட்டு அவள் காளைக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனாள். குளத்துக்கு மாட்டைக் கொண்டுபோகக்கூடாது என்று ஊர் விலக்கிவிட்டதால், ஆற்றிலிருந்து சுமந்து வைத்த தண்ணீர். குடத்தை வலது இடுப்பில் வைத்திருந்தாள். டாக்டர் அதைப் பார்த்தார், மனதில் எங்கேயோ வைத்துக்கொண்டார்.

முள்ளுக்கு வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. ஆறுமுகப்பெருமாள்தான். கரை வேட்டி, கையில் குடை. முள்ளைத் தாண்டவில்லை.

"எழுதியாச்சா டாக்டரே?"

"சப்பை நோய் இல்ல. தோளுல அடி."

"அடிச்ச ஆளு உண்டா?"

"தெரியல."

"விழுந்த குழி உண்டா? பூட்டின நுகம் உண்டா?" ஆறுமுகப்பெருமாள் ஒவ்வொரு விரலாக மடக்கினார். "காரணம் இல்லாத்த நொண்டுக்கு நோய்ணுதான் பேரு. எங்க எல்லாரு தொழுவுலயும் மாடு நிக்கு டாக்டரே. உங்க தொழுவுல நட்டப்பட என்ன இருக்கு? நாலு மணிக்கு யோகம் இங்கயே கூடும். காரணத்தைக் கொண்டு வாங்க. இல்லேண்ணா கயித்தோட ஆளு வரும்."

டாக்டருக்கு அந்தக் கேள்வி உறைத்தது. தன் தொழுவில் நட்டப்பட ஒன்றும் இல்லைதான். உறைத்ததைக் காட்டிக்கொள்ளாமல், "சப்பைண்ணு முதல்ல சொன்னது ஆரு?" என்று கேட்டார்.

"கோலப்பன். அடுத்த வயல்காரன்."

டாக்டரும் சிலுவைதாசனும் வரப்பு வழியாக நடந்தார்கள். தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த கோலப்பன் நிமிர்ந்தான். முப்பத்தைந்து வயது, வெகுளியான முகம். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான்.

"நானா கெட்டிச் சொல்லல டாக்டரே. அந்த அக்காளேதான் சொன்னாவ."

"என்ன சொன்னாவ? வாயில வந்த வார்த்தையை அப்படியே சொல்லணும்."

"ஆத்துல தண்ணி கோரப் போனாவ. 'மாட்டுக்கு என்னாக்கா'ண்ணு கேட்டேன். நிக்கக்கூட இல்ல. 'சப்பையில'ண்ணு சொல்லீட்டுப் போயிட்டாவ."

"நீ ஊருல வந்து என்ன சொன்ன?"

கோலப்பன் யோசித்தான். யோசிக்க யோசிக்க அவன் முகம் மாறியது. "மாட்டுக்குச் சப்பையாம்ணு..."

"ரெண்டு எழுத்தை வழியில தொலைச்சிருக்கீரு வே" என்றார் சிலுவைதாசன். "சப்பையிலண்ணா தோளுல நோவு. சப்பைண்ணா கொள்ளை நோய். ஒரு 'யில' போனதுல ஒரு மாட்டுக்குச் சாவுக்கு நாள் குறிச்சாச்சு. உம்மையெல்லாம் கடுதாசி எழுதவே விடப்பிடாது."

கோலப்பன் மண்வெட்டியைக் கீழே போட்டான். டாக்டர் சிரிக்கவில்லை. அவர் யோசனை வேறு எங்கேயோ போய்விட்டிருந்தது.

"அந்த மாடு நொண்டுறதை நீ பாத்தியா? என்னண்ணு நினைச்ச?"

"முள்ளுண்ணு நினைச்சேன். குளம்பைப் பாத்தேன்."

"நாட்டு வைத்தியர் முட்டியில சூடு போட்டாரு. ஆறுமுகப்பெருமாள் எங்க பாத்தாரு?"

"அண்ணாச்சியும் குளம்பைத்தான் பாத்தாவ."

டாக்டர் வரப்பில் உட்கார்ந்தார். "கேளு சிலுவை. நொண்டுற மாட்டைப் பாத்தா கண்ணு தானா கீழ போவும். மேல, தோளைப் பாக்கணும்ணு படிக்க மதராஸ் காலேஜில எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. இந்த ஊருல எல்லாரும் கீழ பாத்திருக்காங்க. அந்த அம்மா மட்டும், படிக்காத்தவங்க, நிக்காம போற போக்குல, 'சப்பையில'ண்ணு சரியாச் சொல்லியிருக்காங்க. எப்படி?"

சிலுவைதாசன் குரலைத் தாழ்த்தினார். "அப்போ அவியதான் அடிச்சாவளோ?"

"அடிக்கிறவங்க ஆத்துத் தண்ணி சுமந்து குடுக்கமாட்டாங்க."

அவர் பார்வை எதிரே இருந்த சின்ன வயலில் நின்றது. பச்சைப்பசேலென்று நாற்றங்கால். ஆனால் நாற்று ஒரு சீராக இல்லை. ஒரு பட்டை உயரம், ஒரு பட்டை குட்டை என்று கோடு கோடாக நின்றது.

"அது ஆருக்குள்ளது?"

"அக்காளுக்குள்ளதுதான்."

"எத்தனை நாள் நாத்து?"

"இருவத்திரெண்டு நாள்."

மூன்று வாரம். டாக்டர் சிலுவைதாசனைப் பார்த்தார், சிலுவைதாசன் டாக்டரைப் பார்த்தார்.

"உழுதது ஆரு?"

"கூலி ஏரு வந்து ஒரு சால் உழுதுது." கோலப்பன் மண்வெட்டிக் காம்பைப் பார்த்துக்கொண்டு பேசினான். "பொறவு ஆறுமுகப்பெருமாள் அண்ணாச்சி எல்லாருட்டயும் சொல்லிப்போட்டாவ. மைனி வயலைக் குத்தகைப் பாட்டத்துக்கு எனக்கு விடட்டும், அதுவரை ஒருத்தனும் மாடு குடுக்கப்பிடாதுண்ணு."

"அப்பொ மரம் அடிச்சது ஆரு?"

மரம் என்பது உழுத சேற்றைச் சமப்படுத்தும் பலகை. இரண்டு மாட்டைப் பூட்டி இழுக்க வேண்டும். மரம் அடிக்காமல் நாற்று பாவ முடியாது. சேறு தானாகச் சமப்பட்ட கதை உலகத்தில் இல்லை.

கோலப்பன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான். இத்தனை நாளும் அந்த நாற்றங்காலைத் தாண்டித்தான் தினமும் போய்வந்திருக்கிறான். ஒரு நாளும் இந்தக் கேள்வி அவனுக்குத் தோன்றியதில்லை.

தொழுவுக்குத் திரும்பும்போது மணி மூன்றாகிவிட்டது. உத்தரத்தில் நுகம் கட்டித் தொங்கியது. டாக்டர் அதை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். இடது முனை, மாட்டுக் கழுத்தின் எண்ணெயும் வியர்வையும் ஊறி, கறுத்துப் பளபளத்தது. வலது முனையில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. பழைய சேலையைக் கிழித்து, நாலு மடிப்பாக மடித்து, கயிறு போட்டு இறுக்கிய சுற்று. அதில் சேறு காய்ந்திருந்தது.

"மாட்டுக்கு மெத்தை போடுகது ஆரு சாரே? எங்க வீட்டுல எனக்கே..." என்று ஆரம்பித்த சிலுவைதாசன் பாதியில் நிறுத்தினார். அந்தச் சேலையின் நிறத்தைப் பார்த்துவிட்டார். அன்றைக்கு அவர் வாய் தானாக அடைத்தது அப்போதுதான்.

அழகியநாயகி வாசலில் வந்து நின்றாள். நுகத்தைப் பார்த்ததும் வேகமாக வந்து பிடுங்கக் கை நீட்டினாள். வலது கைதான் நீண்டது. இடது கை சேலைக்குள்ளேயே இருந்தது. காலையிலிருந்து டாக்டர் பார்த்ததெல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தது. ஊரில் எல்லாப் பெண்களும் குடத்தை இடது இடுப்பில் வைக்க, இவள் வலது இடுப்பில் வைத்தாள். வைக்கோலை உயரத்திலிருந்து இழுக்காமல் குனிந்து கீழிருந்தே உருவினாள். கொண்டை போடவில்லை. அதற்கு இரண்டு கையும் மேலே போக வேண்டும்.

"இடது தோளு எத்தனை நாளாத் தூக்க வரல?" என்று கேட்டார்.

அவள் இடது கையைச் சேலைக்குள் இன்னும் இழுத்துக்கொண்டாள்.

"இவனுக்கு வலது தோளு, உங்களுக்கு இடது தோளு. நுகத்துல ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நின்னா, அதுதான் உள்பக்கத் தோளு. நீங்க குனிஞ்சு இழுத்திருக்கீங்க. அவன் பலத்துக்கு உங்களால ஈடு குடுக்க முடியல. உங்க முனை பின்னால போகப் போக, நுகம் திரும்பி அவன் தோளுல அழுந்தியிருக்கு. நோவு எங்கண்ணு உங்களுக்குத் தெரிஞ்சது அதனாலதான். உங்களுக்கும் அங்கதான் நோவுது."

அவள் தொழுவின் தூணில் சாய்ந்துகொண்டாள்.

"ரெண்டு நாள்" என்றாள். "விடியப்போற நேரம் பாத்து. ஆரும் வயலுக்கு வருமுன்ன. மரத்துமேல கல்லை வச்சு இழுத்தோம். அவன் நின்னு நின்னு என்னைப் பாத்தான். நான் ஹைண்ணா இழுப்பான்."

"நாலு மணிக்கு யோகத்துல சொல்லீருங்க. மாடு பிழைச்சுரும்."

"மாட்டுக்கூட மாடா நின்னேண்ணு சொல்லவா? சாவுறவரை சொல்லிச் சிரிக்கும் இந்த ஊரு."

"நான் சொல்லமாட்டேன்" என்றார் டாக்டர். "நோய் இல்லண்ணு எழுதித் தருவேன். ஆனா காரணம் இல்லாம அவங்க ஒத்துக்கிடமாட்டாங்க. அது உங்களுக்கும் தெரியும்."

அவள் காளையின் பக்கம் பார்த்தாள். "என் மாப்பிள செத்தப்போ வீடு நிறைஞ்சு ஆளு. பதினாறு கழிஞ்சுது, ஒருத்தரும் இல்ல. ரெண்டு வருசமா நான் எந்திரிச்சா தலையைத் திருப்பிப் பாக்கது இவன் ஒருத்தன்தான்."

அதற்கு ஒரு மருந்து தெரிந்திருந்தால் டாக்டர் தனக்கே எப்போதோ போட்டுக்கொண்டிருப்பார். நுகத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே வந்தார்.

நாலு மணிக்கு யோகம் கூடியது. முள்ளுக்கு வெளியே இருபது பேர் இருந்தார்கள். ஒருத்தன் கையில் கயிறு. டாக்டர் முற்றத்தில் நின்று காய்ச்சல் இல்லாததையும், அப்பளச் சத்தம் இல்லாததையும், குளம்பு தேய்ந்ததையும், சதை வற்றியதையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். பொறுமையாகத்தான் கேட்டார்கள்.

"எல்லாம் சரி" என்றார் ஆறுமுகப்பெருமாள். "நுகம் அழுந்தினதுண்ணு சொல்லுதீங்க. இவன் இடத்து மாடு. வலத்து மாடு எங்க? அதைக் காட்டுங்க, நாங்க போயிருதோம்."

சிலுவைதாசன் பக்கத்தில் வந்து, "சொல்லீருங்க சாரே" என்று முணுமுணுத்தார். டாக்டர் தலையசைத்து மறுத்தார். கயிற்றுக்காரன் முள்ளைக் காலால் ஒதுக்கினான்.

அப்போது தொழுவுக்குள்ளிருந்து காளை வந்தது. அரைவட்டம் போட்டு, தரையை உரசி, தலையை ஆட்டி. கழுத்தில் நுகம். நுகத்தின் வலது முனையில், துணி சுற்றிய இடத்துக்கு அடியில், இடது தோளைக் கொடுத்து அழகியநாயகி நின்றாள். முற்றத்தின் நடுவில் வந்ததும், சேற்றில் இழுக்கிறவள் எப்படிக் குனிவாளோ அப்படிக் குனிந்தாள். வலது முனை தாழ்ந்து பின்னுக்குப் போனது. நுகம் திரும்பியது. கழுத்துக்கு உள்பக்கம் இருந்த அதன் முளைக்கட்டை, காளையின் வலது தோளில் சதை வற்றிய பள்ளத்தில் அளவெடுத்தாற்போல் போய் உட்கார்ந்தது. காளை முனகியது.

"இந்தா நிக்குகேன் வலத்து மாடு" என்றாள் அவள். "பாத்துக்கிடுங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. கயிறு வைத்திருந்தவன் அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

கோலப்பன்தான் முதலில் பேசினான். "யக்கா, அண்ணாச்சி என்ன சொன்னா என்ன, நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் என் மாட்டைத் தந்திருப்பேனே."

"உன் வாசல்ல வந்து நின்னேன் கோலப்பா. மூணு வீட்டு வாசல்ல நின்னேன். வாய் வரல, நின்னேன். என்னத்துக்கு நிக்கேண்ணு ஒருத்தரும் கேக்கல."

கோலப்பன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான். பிறகு முள்ளை இரண்டு கையாலும் இழுத்து ஓரத்தில் போட்டான், கை கிழிவதைப் பார்க்காமல். இன்னும் இரண்டு பேர் குனிந்தார்கள். ஆறுமுகப்பெருமாள் குடையை விரித்தார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. விரித்த குடைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு தெருமுனை வரை போனார். அவரை ஒருத்தரும் கூப்பிடவில்லை.

டாக்டரும் சிலுவைதாசனும் சேர்ந்து நுகத்தை இறக்கினார்கள். டாக்டர் பெட்டியின் மேல் காகிதத்தை வைத்து எழுதினார். தொற்று நோய் இல்லை. வலது தோள் நரம்பு நசுங்கி நொண்டுகிறது. காரணம் என்ற இடத்தில், 'துணை இல்லாமல் இழுத்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"தை மாசம் வரை நுகம் கூடாது" என்று அவளிடம் சொன்னார். "காலையிலயும் சாயங்காலத்திலயும் வெந்நீர் ஒத்தடம். பொறவு இந்தத் தைலம், மயிருக்கு எதிரா தேய்க்கணும். தினம் ஆத்துல நெஞ்சளவு தண்ணியில நிறுத்துங்க. சதை பைய வரும்."

"வருமா?"

"நரம்பு அறுந்திருந்தா வராது. இது அறுந்ததா எனக்குத் தோணல. பொறுத்துத்தான் பாக்கணும்."

சிலுவைதாசன் பெட்டியிலிருந்து இன்னொரு சீசாவை எடுத்து வைத்தார். "இது உங்க தோளுக்கு. அதே தைலந்தான். சீசாவுல மாட்டுக்குண்ணு எழுதியிருக்கும். அம்மா வாசிக்கண்டாம்."

அவள் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. கோலப்பன் ஏற்கெனவே காளையைப் பிடித்துக்கொண்டு ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தான். போகிற வழியில் கேட்டவர்களுக்கெல்லாம், 'சப்பை*யில*, சப்பை*யில*' என்று அழுத்திச் சொல்லிக்கொண்டே போனான்.

டாக்டர் சைக்கிளை எடுத்தார். சாயங்கால பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று சிலுவைதாசன் காரியரில் ஏறி உட்கார்ந்தாயிற்று. குவார்ட்டர்ஸில் காலையில் வடித்த கஞ்சி மூடியிருக்கும். விளக்கைப் போட்டால் சுவர் தெரியும். டாக்டருக்கு மிதிக்க மனமில்லாமல் ஒரு கால் தரையிலேயே இருந்தது.

"டாக்டரே" என்று அவள் கூப்பிட்டாள். வாசல்வரை வந்திருந்தாள். "உங்க பேரு என்னா?"

"மீரான். முகம்மது மீரான்."

"காலையில நீங்க குனிஞ்சு மாட்டைப் பாக்கும்போ நானும் உங்களைப் பாத்துட்டுத்தான் இருந்தேன்." அவள் அவருடைய சட்டையைக் காட்டினாள். "வெள்ளைச் சட்டையில கறுப்பு நூலு. மாட்டுக்குப் போடுக முடிச்சு. வீட்டுல ஒருத்தரும் இல்லியோ?"

மூன்று வருஷமாக ஊரெல்லாம் துப்புத் துலக்கிய டாக்டர், நெஞ்சுக்கு நேரே இருந்த அந்தப் பொத்தானைக் கையால் மூடிக்கொண்டார்.

"இல்ல" என்றார். "ஆறு வருசமாச்சு."

சிலுவைதாசன் மருந்துப்பெட்டியின் பக்கம் குனிந்துகொண்டார். வெள்ளை நூல் வாங்க மறந்தது நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"மாட்டைப் பாக்க அடுத்த புதன்கிழமை வருவீங்கல்லா" என்றாள் அழகியநாயகி. "வரும்போ அந்தச் சட்டையைக் கொண்டு வாங்க. எனக்கு வலது கை நல்லாத்தான் இருக்கு."